டூசானில் ஒரு பகல்: விமானக் கிடங்கையும் அருங்காட்சியகத்தையும் பார்ப்பது எப்படி?

பழைய யூடியூப் வீடியோக்களை நம்பிக் கிளம்பாதீர்கள். அவற்றில் சுற்றுலாப் பயணிகள் ஏசி பஸ்ஸில் உட்கார்ந்து, வரிசை கட்டி நிற்கும் பி-52 குண்டுவீச்சு விமானங்களுக்கு நடுவே ஊர்ந்து போவார்கள். அந்த பஸ் 2020-இல் கொரோனாவோடு நின்றது. ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் கடைசி வருடங்களில் பெயர், அடையாள விவரங்களையெல்லாம் பல நாள் முன்னதாகவே கொடுத்து ராணுவத்தின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஆகவே பஸ் இல்லை என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். கிளம்பும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

இடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், டூசான் நகரத்தின் தென்கிழக்கு விளிம்பு. அங்கே டேவிஸ்-மான்தன் விமானப்படைத் தளத்துக்குள் சுமார் 2,600 ஏக்கரில் ஓய்வுபெற்ற ராணுவ விமானங்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை, நாசா என எல்லோருடைய விமானங்களும் இங்கேதான் வந்து சேரும். இந்தக் கிடங்குக்குள் பொதுமக்கள் போக முடியாது. ஆனால் அதன் நடுவே ஊர்ச்சாலை ஒன்று போகிறது. பக்கத்திலேயே பீமா விமான, விண்வெளி அருங்காட்சியகம் இருக்கிறது. சுமார் 400 விமானங்கள், 80 ஏக்கர். அதில் எல்லாவற்றுக்கும் அருகே போய் நிற்கலாம்.

கிடங்கின் வேலிக்கு அரை மணி, அருங்காட்சியகத்துக்கு ஐந்து மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம். வேலியோரம் வெயில் குடித்துக் களைத்துப்போய், பிற்பகல் மூன்று மணிக்கு அருங்காட்சியக வாசலுக்கு வந்தால் உள்ளே விடாமல் போகலாம். மூடும் நேரத்துக்கு வெகு முன்பே கடைசி நுழைவு முடிந்துவிடும்.

எப்போது போவது?

நவம்பர் முதல் மார்ச் வரை. இதில் பேரம் பேச இடமில்லை. ஜூனில் டூசானில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். நம் ஊரில் வேலூர் வெயிலைப் பார்த்தவர்கள் இதற்கெல்லாம் அஞ்ச மாட்டோம் என்று நினைக்கலாம். அங்கே காற்றில் ஈரமே இல்லாததால் வியர்ப்பது தெரியாது. உடம்பு வறண்டு தலை சுற்றும்போதுதான் தெரியும். ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் முடிய அங்கேயும் ஒரு பருவமழைக் காலம் உண்டு. பிற்பகலில் திடீரென்று இடியும் மின்னலும் வரும். திறந்தவெளி முழுக்க உலோகம் நிற்கிற இடத்தில் அது நல்லதல்ல. கோடையில்தான் போக முடியும் என்றால் அருங்காட்சியகம் திறக்கும் நிமிடத்தில் வாசலில் நில்லுங்கள். கோடைக்கு நேரம் மாறும் என்பதால் அன்றைய நேரத்தை இணையதளத்தில் சரிபாருங்கள்.

பீனிக்ஸ், சாண்ட்லர் பக்கம் மகனோ மகளோ வேலையில் இருக்க, ஆறு மாத விசாவில் வந்து தங்கும் அப்பா அம்மாக்களுக்கு இது ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடம். பீனிக்ஸிலிருந்து 185 கிலோமீட்டர், ஐ-10 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள். கார் இல்லாமல் இந்தப் பயணம் சரிப்படாது. பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ எல்லை பக்கத்தில்தான், எல்லைக் காவலர்களின் வண்டிகள் சாலையில் சாதாரணமாகத் தென்படும்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை

போவதற்கு முந்தைய இரவு கூகுள் மேப்பில் டேவிஸ்-மான்தன் தளத்தைத் தேடி, செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றிப் பெரிதாக்குங்கள். மேலிருந்து தெரிகிற இந்த ஒழுங்கைத் தரையிலிருந்து எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் பிடிக்க முடியாது. ஒரே ரக விமானங்கள் ஒன்றாக, மூக்குகள் ஒரே திசையில். சில வரிசைகளில் எல்லாம் முழுசாக இருக்கும். சிலவற்றில் எஞ்சின் இருக்காது. சிலவற்றில் வாலே இருக்காது.

இதற்குக் காரணம் உண்டு. கிடங்கில் விமானங்களை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1000-ஆம் வகை நீண்டகாலச் சேமிப்பு. இதில் ஒரு திருகாணியைக்கூட எடுக்கக் கூடாது, நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வேலைகளை மறுபடி செய்வார்கள். 2000-ஆம் வகை உதிரிபாகத்துக்கானது. 3000-ஆம் வகை, சொன்னால் சீக்கிரம் பறக்கக்கூடிய நிலையில் காத்திருப்பது. 4000-ஆம் வகை உடைத்து விற்கப்படப்போவது. எல்லோரும் இதை விமானங்களின் சுடுகாடு என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பி-52 ஒன்று 2008-இல் இங்கே வந்து ஏழு வருடம் நின்றுவிட்டு, 2015-இல் எழுந்து பறந்து மறுபடி படையில் சேர்ந்தது. ‘கோஸ்ட் ரைடர்’ என்பது அதன் பெயர். ‘வைஸ் கை’ என்ற இன்னொன்று 2019-இல் அதேபோல் கிளம்பிப் போனது. இங்கிருந்த பழைய எஃப்-16 போர்விமானங்களை எடுத்து, ஆளில்லாமல் பறக்கும் இலக்குகளாக மாற்றிச் சுட்டுப் பயிற்சி எடுக்கிறார்கள். ஆகவே ரிடையராகி வந்து நிற்பவை பாதி, கூப்பிடுவார்கள் என்று நிற்பவை பாதி.

கோல்ப் சாலை

ஐ-10 நெடுஞ்சாலையிலிருந்து கோல்ப் சாலையில் இறங்கி வடக்கே போங்கள். சாலை கிடங்கை ஊடறுத்துப் போகிறது. இரண்டு பக்கமும் கம்பிவேலி, வேலிக்கு அப்பால் விமானங்கள். கோல்ஃப் லிங்க்ஸ் சாலை வரை போய்த் திரும்பி, அதே வழியில் தெற்கே வாருங்கள். திரும்பி வரும் பயணம்தான் முக்கியம். அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம், பக்கத்து இருக்கை வலப்பக்கம். தெற்கே வரும்போது வலப்பக்கம் மேற்கு. காலையில் வெயில் கிழக்கிலிருந்து அந்தப் பக்கம் நேராக விழுவதால் விமானங்கள் பளிச்சென்று தெரியும். அப்பாவை அங்கே உட்கார வையுங்கள். ஓட்டுகிறவர் சாலையை மட்டும் பார்க்கட்டும். வண்டிகள் வேகமாகப் போகும் சாலை அது, ஓரங்கட்டி நிறுத்தவும் கூடாது. படம் எடுப்பது பக்கத்து இருக்கைக்காரரின் வேலை.

டிரோன் கொண்டுபோயிருந்தால் அது பெட்டியை விட்டு வெளியே வரவே வேண்டாம். இது இயங்கிக்கொண்டிருக்கும் ராணுவத் தளம்.

எங்காவது ஒதுக்குப்புறத்தில் முறையாக வண்டியை நிறுத்தி வேலியோரம் போக வாய்த்தால், போன் கேமராவின் லென்ஸைக் கம்பிவலையின் ஒரு கண்ணுக்கு நேரே ஒட்டிப் பிடியுங்கள். வலை படத்தில் விழாது. புதருக்குள் கால் வைக்காதீர்கள். கிலுகிலுப்பைப் பாம்புகள் உள்ள ஊர். தளத்தைச் சுற்றித் தனியார் உடைப்பகங்கள் சில இருக்கின்றன, வெட்டப்பட்ட உடல்கள் வாசலிலேயே கிடக்கும். ஆர்வத்தில் கேட்டைத் தாண்டிவிடாதீர்கள். அது ஒருவருடைய பட்டறை.

எதைப் பார்ப்பது?

காரில் போகும்போது மூக்கும் ஜன்னல்களும் வெள்ளையாக மெழுகப்பட்ட விமானங்கள் கண்ணில் படும். அந்த வெள்ளையைக் கவனியுங்கள். ஸ்ப்ரேலாட் என்ற ஒரு பூச்சு அது. காய்ந்தால் ரப்பர் தோல் போலாகும், தேவைப்படும்போது கையால் உரித்து எடுத்துவிடலாம். முதல் பூச்சு கறுப்பு. அது இடுக்குகளை அடைத்துத் தூசியைத் தடுக்கும். அதன்மேல் வெள்ளை, அது வெயிலைத் திருப்பி அனுப்பும். பூச்சு இல்லாவிட்டால் மூடிய விமானத்துக்குள் வெப்பம் 90 டிகிரி செல்சியஸ் வரை ஏறிவிடும். கண்ணாடி மங்கும், ஒயர்களின் உறை வெடிக்கும், ரப்பர் கெடும். பூசிவிட்டால் உள்ளே இருக்கும் சூடு வெளிச்சூட்டைவிடச் சில டிகிரிதான் கூடும். விமானத்தின் அடிப்பக்கத்தை மட்டும் அடைக்க மாட்டார்கள். உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழி வேண்டும்.

பூச்சுக்கு முன்னால் நடக்கும் வேலைகள் வேலிக்கு வெளியே தெரியாது. ஒரு விமானம் வந்திறங்கியதும் துப்பாக்கிகள், விமானியை இருக்கையோடு வெளியே எறியும் வெடிமருந்து, ரகசியக் கருவிகள் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். பிறகு குளிப்பாட்டு. கடற்படை விமானங்களுக்கு இது ரொம்ப முக்கியம், உப்பு போக வேண்டும். எரிபொருளை இறக்கிவிட்டு மெல்லிய எண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓட்டுவார்கள். குழாய்களின் உள்சுவரெல்லாம் எண்ணெய்ப் படலம் பிடித்துக்கொள்ளும். பிறகு அதையும் வடித்துவிட்டு மூடுவார்கள்.

பாலைவனத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பது பெசன்ட் நகரில் ஜன்னல் கம்பிக்கு வருடாவருடம் பெயின்ட் அடிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டூசானில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 30 சென்டிமீட்டர்தான். காற்றில் ஈரம் குறைவு, துரு மெதுவாகத்தான் பிடிக்கும். இன்னொரு காரணம் காலடியில் இருக்கிறது. மேல்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்பு இறுகிக் கெட்டிப்பட்ட படுகை ஒன்று பரவியிருக்கிறது. 200 டன் விமானத்தை நிறுத்தினாலும் சக்கரம் புதையாது. காங்கிரீட் போடாமல் வெறும் தரையிலேயே ஆயிரக்கணக்கான விமானங்களை நிறுத்த முடிந்ததற்கு அதுதான் காரணம். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1946-இல் பி-29, சி-47 ரகங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியதில் தொடங்கியது இந்தக் கிடங்கு.

போகிற போக்கில் ஒன்று. 1991-இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கையெழுத்திட்ட ஆயுதக்குறைப்பு ஒப்பந்தப்படி 365 பி-52 விமானங்களை அழிக்க வேண்டியிருந்தது. கிரேனில் சுமார் ஆறு டன் எடையுள்ள இரும்புக் கத்தியைத் தூக்கி, விமானத்தின் மேல் விழவிட்டு வெட்டினார்கள். வெட்டிய துண்டுகளை 90 நாள் அப்படியே போட்டு வைத்தார்கள். எதிர்த்தரப்பின் செயற்கைக்கோள்கள் மேலிருந்து பார்த்து எண்ணிக்கொள்ள வேண்டுமே.

அருங்காட்சியகத்தில் நடக்கும் வரிசை

கோல்ப் சாலையிலிருந்து வாலென்சியா சாலையில் மேற்கே திரும்பினால் சிறிது தூரத்தில் பீமா அருங்காட்சியகம். 1976-இல் திறக்கப்பட்டது. அரசு நடத்துவதில்லை, ஓர் அறக்கட்டளையின் பொறுப்பு. அங்கே சுற்றிக்காட்டும் முதியவர்களில் பலர் முன்னாள் விமானிகள், மெக்கானிக்குகள், படைவீரர்கள். சம்பளமில்லாத சேவை. ஒரு கேள்வி கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள்; கேளுங்கள், அவர்கள் சொல்வது பலகையில் எழுதியிருக்காது.

நுழைந்ததும் முதல் கொட்டகையில் எஸ்ஆர்-71 பிளாக்பேர்ட் உங்களைப் பிடித்து நிறுத்தும். ஒலியைப்போல மூன்று மடங்கு வேகத்துக்கு மேல் போன உளவு விமானம். அதைப் பார்த்துவிட்டு, கொட்டகைகளில் மேலும் நுழையாமல் நேரே வெளியே போய்விடுங்கள். காலை வெயில் இதமாக இருக்கும்போதே திறந்தவெளியை முடிக்க வேண்டும். உச்சிவெயில் ஏறியதும் கொட்டகைகளுக்குள் திரும்பி வரலாம்.

நடக்க முடியாதவர்களுக்குத் திறந்தவெளியைச் சுற்றிவரும் டிராம் வண்டி உண்டு, தனிக் கட்டணம். இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் டிக்கெட் வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். முழங்கால் வலி இல்லாதவர்களுக்கும் நான் டிராமைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன். ஒரு சுற்று சுற்றினால் எது எங்கே என்று தெரிந்துவிடும்; அதன்பின் இறங்கி நடந்து, பிடித்தவற்றின் பக்கத்தில் மட்டும் நிற்கலாம். 400-ஐயும் பார்த்துத் தீர்ப்பேன் என்று கிளம்பினால் நாற்பதாவது விமானத்திலேயே எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

வெளியே நான் நிற்கச் சொல்பவை இவை. பி-36: இந்த ரகத்தில் கடைசியாகக் கட்டப்பட்ட விமானம். இறக்கை விரிவு 70 மீட்டர். ஆறு விசிறி எஞ்சின்கள் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும், போதாதென்று நான்கு ஜெட் எஞ்சின்கள் வேறு. அடியில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். படத்தில் இந்த அளவு வராது.

அடுத்தது எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தைச் சுமந்துபோன பி-52. பி-52-களிலேயே மிகப் பழைய தலைமுறை. எக்ஸ்-15 தானாகத் தரையிலிருந்து எழாது. இதன் வலது இறக்கையின் கீழ் தொங்கிக்கொண்டு மேலே போய், அங்கிருந்து விடுபட்டுப் பாயும். வலது இறக்கையின் பின்விளிம்பைப் பாருங்கள். எக்ஸ்-15-இன் வால் இடிக்காமல் இருக்க அங்கே ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். உடலின் பக்கவாட்டில் சின்னச் சின்ன எக்ஸ்-15 உருவங்கள் வரிசையாக வரைந்திருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பயணம்.

நாசாவின் சூப்பர் கப்பி, வயிறு வீங்கிய விநோதம். சந்திரனுக்குப் போன சாட்டர்ன் ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கை விழுங்கிக்கொண்டு பறந்தது. கென்னடியும் ஜான்சனும் பயணம் செய்த, டிசி-6 குடும்பத்தைச் சேர்ந்த அதிபர் விமானமும் பக்கத்தில்தான் நிற்கிறது.

இரண்டு போயிங் விமானங்களைத் தவறவிடாதீர்கள். ஒன்று ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி புதிய எஞ்சின்களை மாட்டிச் சோதித்த பழைய 747. ஜிஇ-90 எஞ்சின் முதலில் வானம் ஏறியது இதில்தான். டெல்லியிலிருந்து ஏர் இந்தியாவின் 777-இல் அமெரிக்கா வந்தவர்கள் அந்தக் குடும்பத்து எஞ்சினின் சத்தத்தைப் பதினைந்து மணி நேரம் கேட்டிருப்பார்கள். மற்றொன்று 787 டிரீம்லைனரில் இரண்டாவதாகக் கட்டப்பட்டது. 2010 நவம்பரில் சோதனைப் பறப்பின்போது உள்ளே மின்சாரத் தீப்பிடித்து, டெக்சாஸின் லரேடோவில் அவசரமாக இறங்கிய விமானம் இதுதான். ஜப்பானிய விமானக் கம்பெனியின் நீல வண்ணம் பூசியிருந்தாலும் ஒருநாளும் டிக்கெட் வாங்கிய பயணியை ஏற்றியதில்லை.

இந்தியாவிலிருந்து பறந்து வந்தது

மதியம் உணவகத்தில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைகளுக்கு வாருங்கள். இரண்டாம் உலகப்போர் விமானங்கள் நிற்கும் கொட்டகையில் நான்கு எஞ்சின் பி-24 லிபரேட்டர் ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பயணிகள் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நாம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது இந்திய விமானப்படையில் பறந்தது.

கதை இப்படி. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன்னிடமிருந்த லிபரேட்டர்களைக் கான்பூரில் விட்டுப்போனது. மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி பலவற்றைச் சேதப்படுத்திவிட்டுத்தான் போனது. சுதந்திர இந்தியாவுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. புதிதாக வாங்கக் காசில்லை. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்து ஆட்கள் அந்தக் குப்பையிலிருந்தே ஒவ்வொன்றாகத் தட்டிக்கொட்டிப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பெங்களூருக்குப் பறக்கவிட்டு, அங்கே முழுசாகச் செப்பனிட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் இப்படி உயிர்பெற்றன. மற்ற நாடுகள் எப்போதோ உடைத்து உருக்கிவிட்ட ரகத்தை இந்தியா 1968 வரை பறக்கவிட்டது. இன்று உலகத்து அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்களில் பல இந்தியாவிலிருந்து போனவை. பீமாவில் நிற்பது 1969-இல் இந்தியாவிலிருந்து டூசானுக்குப் பறந்தே வந்தது. அதன் தோலில் ஆணி அடித்த வரிசைகளை அருகே போய்ப் பாருங்கள். அருங்காட்சியகம் இப்போது அதற்கு அமெரிக்க வண்ணம் பூசியிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் வழிகாட்டியிடம் நீங்கள் இந்தியாவிலிருந்து வருகிறீர்கள் என்று சொன்னால் பேச்சு நன்றாக ஓடும்.

குழந்தைகள் கூட வந்தால் ஸ்டார் பம்பிள்பீ என்ற குட்டி இரட்டை இறக்கை விமானத்தைக் காட்டுங்கள். ஒரு ஆள் அதற்குள் எப்படி உட்கார்ந்தான் என்று அவர்களே கேட்பார்கள். 390-ஆம் குண்டுவீச்சுப் பிரிவின் நினைவு அருங்காட்சியகம் வளாகத்துக்குள் தனிக்கட்டடத்தில் இருக்கிறது. அதிலுள்ள பி-17 விமானத்தைவிட, சுவரில் இருக்கும் படைவீரர்களின் படங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். அதில் பலருக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான்.

கையில் இருக்க வேண்டியவை

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், விளிம்புள்ள தொப்பி, கூலிங்கிளாஸ், மூடிய காலணி. தரை சரளையும் மண்ணுமாக இருக்கும்; புடவையோடு செருப்பு போட்டுக்கொண்டு 80 ஏக்கர் நடந்தால் மாலையில் கால் சொல்லும். குளிர்காலத்துக் காலையில் ஸ்வெட்டர் வேண்டும், பதினொரு மணிக்கு அதைக் கழற்றிக் கையில் சுமப்பீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் வெளியே மெக்சிகன் கடைகளில் பீன்ஸ் பரிட்டோ வாங்கும் முன் ஒன்று கேளுங்கள்: பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் வேகவைத்தார்களா என்று. பல கடைகளில் அதுதான் வழக்கம்.

இன்னும் நேரம் இருந்தால்

மறுநாளும் டூசானில் தங்குகிறவர்களுக்கு இரண்டு வழிகள். நிறுத்திவைத்த பயணிகள் விமானங்களைப் பார்க்க வேண்டுமானால் பீனிக்ஸுக்குத் திரும்பும் வழியில், டூசானுக்கு வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் பினால் ஏர்பார்க் இருக்கிறது. பெயர் அழிக்கப்பட்ட ஜம்போக்களின் வால்கள் சாலையிலிருந்தே தெரியும். அதற்காகத் தனியாக ஒரு நாள் செலவழிக்கத் தேவையில்லை; வழியில் ஒரு பார்வை போதும்.

நான் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், கிரீன் வேலி பக்கம் இருக்கும் டைட்டன் ஏவுகணை அருங்காட்சியகம். பீமாவை நடத்தும் அதே அறக்கட்டளை. பனிப்போர் காலத்தில் அமெரிக்கா நிலத்தடியில் வைத்திருந்த 54 டைட்டன்-2 ஏவுகணைக் குழிகளில் முழுசாகப் பாதுகாக்கப்பட்டது இது ஒன்றுதான். குழியின் கனத்த மூடி பாதி திறந்த நிலையிலேயே நிற்கும், ஏவுகணையின் மூக்கில் ஒரு ஓட்டை வெட்டப்பட்டிருக்கும். உள்ளே குண்டு இல்லை என்று செயற்கைக்கோளுக்குக் காட்டத்தான். ஐம்பதுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அதே படிகளில் ஏறி வர வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்குச் சிறு குழுக்களாகத்தான் அழைத்துப் போவார்கள். ஆகவே சனி, ஞாயிறு என்றால் நேரத்தைத் தேர்ந்தெடுத்து இணையத்திலேயே டிக்கெட் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.